கப்பலின் இடக்கை எது, வலக்கை எது?

சென்னைக் கப்பல் ஹேடோ துறையில் வந்து கட்டும் நாளில் மேஸ்திரிகளின் வாயிலும், மாலுமிகளின் கூச்சலிலும், டாலி குமாஸ்தாக்களின் தாளிலும் இரண்டு சொற்கள் ஓயாமல் அடிபடும். ஒன்று 'போர்ட்'; மற்றொன்று 'ஸ்டார்போர்ட்'. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் இவற்றின் பொருள் என்ன என்று நம்மில் பலர் விசாரிப்பதில்லை. 'போர்ட் என்றால் துறைமுகம். ஆகவே போர்ட் சைடு என்றால் கரைப்பக்கம்' என்று தாமாகவே பொருள் செய்துகொண்டவர்களும் உண்டு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்படும் வரை ஊரின் பெயரே போர்ட் பிளேர் அல்லவா? அதனால் அப்படி நினைப்பதில் வியப்பும் இல்லை.

அந்த எண்ணம் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

கப்பலின் பின்கோடியில் நின்றுகொண்டு முன்கோடியை நோக்கினால் நமது இடக்கை இருக்கும் பக்கம் போர்ட். வலக்கை இருக்கும் பக்கம் ஸ்டார்போர்ட். கப்பல் எந்தப் பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து நின்றாலும் இது மாறாது. ஒரு தடவை போர்ட் பக்கம் கரையோடு ஒட்டி நிற்கும். மறு தடவை அதே போர்ட் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும். கரைப்பக்கம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர் பாதி நாட்களில் தவறான பக்கத்துக்குத்தான் போய்ச் சேருவார்.

இடது, வலது என்றே சொல்லிவிட்டுப் போகலாமே, இதற்கென்று தனிச் சொல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லக் கடலுக்குப் போவதற்கு முன் நமது ஊர் மாட்டு வண்டியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இடத்தன், வலத்தன்

நுகத்தடியின் இடப்பக்கம் பூட்டும் மாட்டுக்கு 'இடத்தன்' என்றும், வலப்பக்கம் பூட்டும் மாட்டுக்கு 'வலத்தன்' என்றும் தமிழ்நாட்டு உழவர்கள் பெயர் வைத்தார்கள். இடத்தை, வலத்தை என்றும் சொல்வதுண்டு. வண்டிக்கு முன்னால் வந்து மாடுகளின் முகத்தைப் பார்த்து நிற்பவருக்கு இடத்தன் வலக்கைப் பக்கம் தெரியும். அதற்காக அதன் பெயர் மாறிவிடுவதில்லை. வண்டி கிழக்கே போனாலும் மேற்கே திரும்பினாலும் இடத்தன் இடத்தன்தான். பெயர் பார்ப்பவரைச் சேர்ந்ததல்ல, நுகத்தடியைச் சேர்ந்தது.

ஆற்றங்கரைக்கும் இதே கணக்கு உண்டு. நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பது இடது கரை. பாலத்தில் எதிர்த் திசையில் பார்த்து நிற்பவருக்கு எப்படித் தெரிந்தாலும் அணைக்கட்டுக் கணக்குகளில் அது இடது கரைதான். ஆற்றுக்குத் தலையும் காலும் உண்டு என்று வைத்துக்கொண்டதால் அதற்கு இரண்டு கைகளும் கிடைத்துவிட்டன.

கப்பலும் அப்படியே. அதில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதில்லை. காப்டன் முன்னே பார்க்கிறார். பின்புறத்தில் கயிறு அவிழ்ப்பவர் பின்னே பார்க்கிறார். கிடங்கின் வாயில் நின்று கை காட்டுபவர் கிரேன் ஓட்டுபவரைப் பார்க்கிறார். கிரேன் ஓட்டுபவர் அவருக்கு எதிராகப் பார்க்கிறார். 'இடது பக்கம் தள்ளு' என்று ஒருவர் கத்தினால் 'யாருடைய இடது?' என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி கேட்கும் நேரத்துக்குள் தொங்கும் சுமை ஒருவர் மேல் மோதிவிடலாம். இருட்டில், மழையில், எஞ்சின் சத்தத்தில் கேள்விக்கே இடமில்லை. ஆகவே இடம் வலம் என்பதை மனிதனின் உடம்பிலிருந்து கழற்றிக் கப்பலின் உடம்பில் மாட்டிவிட்டார்கள். போர்ட், ஸ்டார்போர்ட் என்ற சொற்களின் வேலை இவ்வளவுதான்.

நமது கடற்கரைப் பரதவரிடமும் இந்த முறை உண்டு. படகின் முன்பக்கத்தை 'அணியம்' என்றும், பின்பக்கத்தை 'அமரம்' என்றும் சொல்வார்கள். 'எனக்கு முன்னால்', 'உனக்குப் பின்னால்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. அணியத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அணியம் அணியம்தான்.

சுக்கான் கொடுத்த பெயர்

'ஸ்டார்போர்ட்' என்பதில் உள்ள 'ஸ்டார்' நட்சத்திரமல்ல. பழைய ஆங்கிலத்தில் கப்பலைத் திருப்பிச் செலுத்துவதைக் குறித்த சொல் இப்படித் திரிந்துவிட்டது. 'போர்ட்' என்ற பின்பகுதிக்குக் கப்பலின் பக்கம் என்று பொருள். ஆக, ஸ்டார்போர்ட் என்றால் 'சுக்கான் பக்கம்'.

இப்போது கப்பலின் சுக்கான் பின்புறத்தின் நடுவில் இருக்கிறது. முற்காலத்தில் வட ஐரோப்பியக் கப்பல்களில் அப்படி இல்லை. பின்பகுதியின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய துடுப்பைக் கட்டி, அதைத் திருப்பியே கப்பலைச் செலுத்தினார்கள். பெரும்பாலான மனிதர்களுக்கு வலக்கையே பலமுள்ள கை என்பதால் துடுப்பும் அந்தப் பக்கம் போயிற்று.

இந்தத் துடுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தைத் துறைமேடையில் ஒட்டி நிறுத்தினால் என்ன ஆகும்? கப்பலுக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டுத் துடுப்பு நொறுங்கும். எனவே இடப்பக்கத்தையே கரைக்குக் கொடுத்து நின்றார்கள். சரக்கு ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கமே நடந்தது. சரக்கு ஏற்றும் பக்கம் என்ற பொருளில் அதற்கு 'லார்போர்ட்' என்று பெயர் வந்தது; துறைமுகப் பக்கம் என்ற கருத்தில் 'போர்ட்' என்ற பெயரும் பிறகு வழங்கியது.

போர்ட் என்றால் கரைப்பக்கம் என்று நினைப்பது பாதி சரி என்று மேலே சொன்னது இதனால்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அது முழுக்கச் சரியாகவே இருந்திருக்கும். சுக்கான் பின்புறத்தின் நடுவுக்கு வந்த பிறகு எந்தப் பக்கத்தையும் கரைக்குக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. காரணம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஓசையால் வந்த சங்கடம்

'லார்போர்ட்', 'ஸ்டார்போர்ட்' இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். புயற்காற்றில் பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனுக்குக் கீழேயிருந்து கத்தினால் '...ஆர்போர்ட்' என்ற பின்பாதி மட்டுமே போய்ச் சேரும். இடமா வலமா என்பதைச் சொல்லும் முதல் எழுத்தைக் காற்று கொண்டுபோய்விடும். உத்தரவே மாறிப்போகும் அபாயம் இது. பிரிட்டிஷ் கடற்படை 1844இல் லார்போர்ட் என்ற சொல்லை விலக்கி, இடப்பக்கத்துக்குப் போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. அமெரிக்கக் கடற்படை 1846இல் அதே வழியில் சென்றது. காதுக்கு ஒரு சொல் குட்டை, மறு சொல் நெட்டை என்றாகிவிட்டதால் குழப்பம் தீர்ந்தது.

நமது மொழிகளுக்கும் இந்தச் சங்கடம் உண்டு என்பதை ஹேடோவில் வேலை செய்பவர்கள் சுலபமாக உணர்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் வங்காளமும் இந்தியும் பேசுவோருக்கு அடுத்தபடியாக இருப்பவர்கள் தமிழர்களே. நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பேர். தெலுங்கு, மலையாளம், நிகோபாரி மொழிகளும் உண்டு. இத்தனை பேரும் ஒரு துறையில் சேர்ந்து வேலை செய்யும்போது இந்தியே பொதுமொழியாகிறது. இந்தியில் இடப்பக்கம் 'பாயேன்', வலப்பக்கம் 'தாயேன்'. வின்ச் ஓடும் சத்தத்தில் இரண்டும் 'ஆயேன்' என்றுதான் கேட்கும். தமிழில் 'இடது', 'வலது' என்றாலும் கடைசியில் காதில் நிற்பது 'அது' மட்டுமே.

நமது பழைய மாலுமிகளுக்கு இது தெரிந்திருந்தது. ஆங்கிலேயர் காலக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்கள் என்ற இந்திய மாலுமிகள் பல மொழிகளையும் கலந்து தங்களுக்கென்று ஒரு கப்பல் பாஷை வைத்திருந்தார்கள். அதில் வலப்பக்கம் 'ஜம்னா', இடப்பக்கம் 'தாவா'. ஒன்றோடொன்று குழம்ப வழியில்லாத இரு ஓசைகள். அந்தப் பேச்சு மறைந்துவிட்டாலும் அதன் உறவினர்கள் நம்மிடையே வாழ்கின்றன. சுக்கான் என்பது அரபியிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீகத் தொடர்புடையது. தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளின் 'சரங்கு'களும் அதே பரம்பரையைச் சேர்ந்தவர்களே.

வலம் என்றால் இடம் திரும்பிய காலம்

சொல் தெளிவானாலும் இன்னொரு குழப்பம் நெடுங்காலம் நீடித்தது. சுக்கானைத் திருப்ப அதன் தலையில் ஒரு நீண்ட பிடி இருக்கும். வள்ளம் ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். பெரிய கப்பல்களுக்குச் சக்கரம் வந்த பிறகும் உத்தரவு பழைய பிடியை வைத்தே கொடுக்கப்பட்டது. 'ஸ்டார்போர்ட்' என்று அதிகாரி சொன்னால் 'பிடி வலப்பக்கம் போகட்டும்' என்று பொருள். அதாவது கப்பல் இடப்பக்கம் திரும்ப வேண்டும்!

1912 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு டைட்டானிக் கப்பலின் எதிரே பனிமலை தெரிந்தபோது முதல் அதிகாரி மர்டாக் கொடுத்த உத்தரவு 'ஹார்ட் ஸ்டார்போர்ட்' என்பது. கப்பல் அந்தக் கால முறைப்படி இடப்பக்கம் திரும்பிற்று. திரும்பியது போதவில்லை, அதன் வலப்பக்கம் பனிமலையில் உராய்ந்தது. இப்போதைய பழக்கத்தை மனத்தில் கொண்டு இதைப் படிப்பவர்கள், 'வலம் திரும்பச் சொன்னவர் ஏன் இடம் போனார்?' என்று திகைப்பார்கள். அது அந்தக் காலத்தின் முறை.

சில நாட்டுக் கப்பல்களில் உத்தரவு பிடியைக் குறிக்க, வேறு நாட்டுக் கப்பல்களில் அதே உத்தரவு கப்பல் திரும்பும் திசையைக் குறிக்க, துறைமுகத்துக்குத் துறைமுகம் ஏறி இறங்கும் வழிகாட்டி மாலுமிகளின் பாடு திண்டாட்டமாயிற்று. 1929இல் லண்டனில் கூடிய கடற்பயணப் பாதுகாப்பு மாநாடு இதற்கு முடிவு கட்டியது. சொன்ன பக்கமே கப்பல் திரும்ப வேண்டும் என்ற விதி 1930களில் நடைமுறைக்கு வந்தது. இப்போது 'போர்ட்' என்றால் சக்கரமும் இடம், சுக்கானும் இடம், கப்பலும் இடம். அதோடு, உத்தரவைக் கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டே சக்கரத்தைத் தொட வேண்டும். கேட்டது சரிதானா என்பதற்கு அது அத்தாட்சி.

கரையிலிருந்தே பார்க்கலாம்

இந்தச் சொற்களைப் புரிந்துகொள்ளக் கப்பலில் ஏற வேண்டும் என்பதில்லை. நமது துறைமுகமே நல்ல பள்ளிக்கூடம். அதன் வாய் கிழக்கே திறந்திருக்கிறது. உள்ளே வரும் கப்பலின் இடப்பக்கம், அதாவது போர்ட் பக்கம், முதலில் ராஸ் தீவு வரும். 2018இல் இதற்கு நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது. அப்புறம் அபர்டீன் மேட்டில் செல்லுலார் சிறை, அதையடுத்து பீனிக்ஸ் பே, பிறகு 1883இல் மர ஆலை அமைந்த சாத்தம் தீவு. அதைச் சுற்றிப் போர்ட் பக்கம் திரும்பினால் ஹேடோ. ஸ்டார்போர்ட் பக்கம் வடக்கு விரிகுடாவின் கலங்கரை விளக்கம், 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் பெற்ற ஹாரியட் மலை, 1872இல் வைசிராய் மேயோ பிரபு கொல்லப்பட்ட ஹோப் டவுன், பாம்பூ பிளாட். சுருக்கமாகச் சொன்னால் வரும்போது போர்ட் பக்கம் ஊர். ஸ்டார்போர்ட் பக்கம் மலை. சென்னைக்குத் திரும்பும்போது கப்பல் எதிர்ப்பக்கம் பார்ப்பதால் ஊர் ஸ்டார்போர்டுக்குப் போய்விடும். ஊரும் இடம் மாறவில்லை. கப்பலின் கைகளும் மாறவில்லை. கப்பல் திரும்பிக்கொண்டது, அவ்வளவே.

இரவில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஓடும் கப்பலின் போர்ட் பக்கத்தில் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் பக்கத்தில் பச்சை விளக்கு. உலகம் முழுவதும் இதே முறை. அபர்டீன் கடற்கரையில் வடக்கே பார்த்து நின்றால், உள்ளே வரும் கப்பல் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நமது வலமிருந்து இடமாகப் போகும். வெளியே போகும் கப்பல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு இடமிருந்து வலமாகப் போகும். கப்பலின் உருவமே தெரியாத கும்மிருட்டிலும் அது எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு சிறு விளக்கு சொல்லிவிடுகிறது. சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் கப்பல் நேரே நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். சிறு தோணியில் இருப்பவர்கள் அந்தக் காட்சியைக் கண்டால் வேடிக்கை பார்க்காமல் விலக வேண்டும்.

எந்தப் பக்கம் எந்த நிறம் என்பது மறந்துபோகிறதா? தமிழில் நினைவு வைக்க ஒரு வழி இருக்கிறது. இடத்துக்கு 'இ', இரத்தத்துக்கும் 'இ': இடப்பக்கம் இரத்தச் சிவப்பு. வலத்துக்கு 'வ', வயலுக்கும் 'வ': வலப்பக்கம் வயல் பச்சை.

கால்வாயில் மிதக்கும் மிதவைகளுக்கும் இதே நிறங்கள். இந்தியாவில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை போர்ட் பக்கமும், பச்சை மிதவை ஸ்டார்போர்ட் பக்கமும் இருக்க வேண்டும். 1980இல் ஏற்பட்ட சர்வதேச உடன்பாட்டின்படி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவின் பெரும்பகுதி எல்லாம் இதே முறையில் உள்ளன. அமெரிக்கக் கண்டத்திலும், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் மட்டும் மிதவை நிறங்கள் தலைகீழ். ஆயினும் கப்பலின் விளக்குகள் அங்கேயும் மாறுவதில்லை.

ஊதல் சொல்லும் சேதி

ஹேடோவிலும் சாத்தமிலும் குடியிருப்பவர்கள் கப்பலின் ஊதலைக் கேட்டுப் பழகியவர்கள். அதற்கும் பாஷை உண்டு. ஒரு குறுகிய ஊதல்: 'நான் ஸ்டார்போர்ட் பக்கம் திரும்புகிறேன்.' இரண்டு குறுகிய ஊதல்: 'போர்ட் பக்கம் திரும்புகிறேன்.' மூன்று: 'என் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது.' ஐந்துக்குக் குறையாமல் வேகவேகமாக ஊதினால்: 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை!'

1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் இவையெல்லாம் அடங்கியிருக்கின்றன. எஞ்சினால் ஓடும் இரண்டு கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே ஸ்டார்போர்ட் பக்கம் திரும்ப வேண்டும். ஒன்றின் போர்ட் பக்கம் மற்றதன் போர்ட் பக்கத்தைக் கடந்து போக வேண்டும். குறுக்கே வரும் கப்பல் நமது ஸ்டார்போர்ட் பக்கத்தில் இருந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். இரவில் அந்தக் கப்பலின் எந்த விளக்கு நமக்குத் தெரியும்? சிவப்பு. அதற்கு நமது எந்த விளக்கு தெரியும்? பச்சை. சிவப்பைக் காண்பவன் வழிவிடுகிறான்; பச்சையைக் காண்பவன் போகிறான்.

இந்த முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1956 ஜூலை 25ஆம் தேதி இரவு நடந்த விபத்து சாட்சி. அமெரிக்கக் கரைக்கு அருகே 'ஆண்ட்ரியா டோரியா' என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலும், 'ஸ்டாக்ஹோம்' என்ற சுவீடன் கப்பலும் ஒன்றையொன்று ராடாரில் பார்த்துக்கொண்டே வந்தன. இத்தாலியக் கப்பல் போர்ட் பக்கம் விலகியது. சுவீடன் கப்பல் ஸ்டார்போர்ட் பக்கம் விலகியது. இரண்டும் விலகுவதாக நினைத்துக்கொண்டு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 51 பேர் மாண்டனர்.

அதோடு நிற்கவில்லை. ஸ்டார்போர்ட் பக்கத்தில் அடிபட்ட ஆண்ட்ரியா டோரியா அந்தப் பக்கமே அதிகமாகச் சாய்ந்துவிட்டது. உயரே தூக்கிக்கொண்ட போர்ட் பக்கத்து உயிர்காப்புப் படகுகளைக் கடலில் இறக்க முடியவில்லை. எல்லோருக்கும் போதிய படகுகள் இருந்தும் பாதிப் படகுகள் பயனற்றுப் போயின. உதவிக்கு விரைந்து வந்த கப்பல்களால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

துறையில் வேலை செய்வோருக்கு

சரக்கு ஏற்றும் பட்டியலில் இடத்துக்கு 'பி', வலத்துக்கு 'எஸ்' என்ற எழுத்துகளைக் குமாஸ்தாக்கள் பார்த்திருப்பார்கள். கன்டெய்னர்களுக்கு எண்கணக்கு. கப்பலின் நடுக்கோட்டிலிருந்து ஸ்டார்போர்ட் பக்கம் போகும் வரிசைகளுக்கு 1, 3, 5 என்று ஒற்றை எண். போர்ட் பக்கம் போகும் வரிசைகளுக்கு 2, 4, 6 என்று இரட்டை எண். ஒரு பெட்டியின் எண்ணைப் பார்த்த உடனே அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இது எழுத்துவேலை மட்டுமல்ல. ஒரு பக்கம் பாரம் கூடினால் கப்பல் அந்தப் பக்கம் சாயும். பாரத்தை மாற்றி வைக்க அதிகாரி சொல்லும்போது 'போர்ட் பக்கம்' என்றதைக் 'கரைப்பக்கம்' என்று புரிந்துகொண்டால், சாய்வைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டவர்களாவோம். கிடங்குக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் பொருள் உயிர் விஷயம். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு மூத்த தொழிலாளர்கள் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தால் புண்ணியம். 'அணியத்தைப் பார்த்து நில், உன் இடக்கைதான் போர்ட்' என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஊருக்குப் போகும்போது

தாய்நாட்டுக் கப்பலில் பங்க் வகுப்பில் போகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஹேடோவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் கடலில் இருக்க வேண்டும். ஏறியவுடன் மூட்டையை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வதற்கு முன், தமக்குரிய உயிர்காப்புப் படகின் எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. இங்கேயும் அதே கணக்குத்தான்: ஒற்றை எண் படகுகள் ஸ்டார்போர்ட் பக்கம், இரட்டை எண் படகுகள் போர்ட் பக்கம். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது அபாய அறிவிப்பு. உடனே உயிர்காப்பு மிதவைச் சட்டையை எடுத்துக்கொண்டு கூடுமிடத்துக்குப் போக வேண்டும். விளக்கு அணைந்து, புகை சூழ்ந்து, ஜனங்கள் அங்குமிங்கும் ஓடும்போது 'போர்ட் பக்கம் வாருங்கள்' என்று ஒலிபெருக்கி சொன்னால், கூட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் கப்பலின் இடக்கை எதுவென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எது முன்புறம் என்பதை அறிந்துகொண்டால் மற்றது தானே விளங்கும்.

கரைக்கு எட்டிய தூரத்தில் ஓடும் சிறு படகானாலும் கடல் கடல்தான். 2014 ஜனவரி 26 அன்று இந்தத் துறைமுகத்துக்கு அருகே உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்கள். அனுமதித்ததைவிட அதிகம் பேர் அந்தப் படகில் ஏறியிருந்தார்கள். படகுக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டுக்கும் சமபாரம் வேண்டும், அளவுக்கு மேல் எந்தப் பக்கமும் தாங்காது என்பதை ஏறுகிறவர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

வண்டிமாட்டுக்கு இடத்தன், வலத்தன் என்று பெயர் வைத்த தமிழனுக்குப் போர்ட், ஸ்டார்போர்ட் அந்நியமான கருத்தல்ல. அவன் மாட்டுக்குச் செய்ததைக் கடலோடிகள் மரக்கலத்துக்குச் செய்தார்கள். ஏணியில் ஏறிக் கப்பலில் கால் வைத்ததும் முதலில் அணியம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.